கொதிநிலையோடு அழுத்தத்தையும் எழுதட்டும்

ஆசிரியருக்கு,

போபால் விபத்து பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது, குளிரூட்டும் கருவியை 1984 ஜூனிலேயே நிறுத்திவிட்டது எல்லாம் வந்திருக்கிறது. விடுபட்டது ஒரே ஒரு எண். தொட்டியில் இருந்த மெத்தில் ஐசோசயனேட் ஒரு திரவம். அதன் கொதிநிலை சுமார் 39 டிகிரி. நம் ஊர் மே மாத வெயிலே அதைத் தொட்டுவிடும். அதைக் குளிரூட்டி வைக்க வேண்டிய அவசியம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன். சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் திரவம், அதற்குள் ஒரு முனை அடைத்த நுண்குழல் தலைகீழாக. தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டி, பாரஃபின் எண்ணெயில் மெதுவாகச் சூடேற்றுவோம். குமிழிகள் சரம் சரமாக வந்ததும் பர்னரை விலக்கிவிட வேண்டும். குமிழி நின்று திரவம் நுண்குழலுக்குள் ஏறும் நொடியில் காட்டுவதுதான் கொதிநிலை. அவசரக்காரப் பையன்கள் முதல் குமிழியிலேயே எழுதிவிடுவார்கள்! அப்புறம் பாரமானியைப் பார்த்துக் காற்றழுத்தத்தையும் குறிக்க வேண்டும்; அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கிவிடும்.

இதைத்தான் இப்போது விட்டுவிடுகிறார்கள். ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் காட்டிய பாதுகாப்புத் தகவல் தாளில் (ஒரு ரசாயனத்தின் அபாயங்களைச் சொல்லும் தாள்) பென்சால்டிஹைடு என்ற திரவத்தின் கொதிநிலை 62 என்று இருந்தது. அது 10 மி.மீ. பாதரச அழுத்தத்தில்; சாதாரண அழுத்தத்தில் 179. குறைந்த எண்ணைப் பார்த்துக் கூடுதலாகப் பயந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சரி, 179 என்று மட்டும் போட்டிருந்தால்? வெற்றிடத்தில் காய்ச்சி வடிப்பவர் அதை நம்பிச் சூடேற்றினால் 62-லேயே பொங்கி வந்துவிடும்.

ரசாயனங்களின் அபாயத்தைத் தரம் பிரிக்கும் ஐ.நா. வகைப்பாட்டிலும் இது முக்கியம். 23 டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றத்தக்க ஆவி விடும் திரவங்களில், கொதிநிலை 35-ஐத் தாண்டாதவை முதல் வகை (அதிக அபாயம்), தாண்டினால் இரண்டாம் வகை. டைஎத்தில் ஈதர் 34.6, பென்டேன் 36. காற்றழுத்தம் குறைவான ஊட்டியில் அளந்து, அழுத்தத்துக்குத் திருத்தாமல் விட்டால் பென்டேனும் முதல் வகைக்குப் போய்விடும்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள் ஆலைகளுக்குப் போகும்போது, தகவல் தாள் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், கொதிநிலைக்குப் பக்கத்தில் அழுத்தம் எழுதியிருக்கிறதா, தமிழில் ஒரு பிரதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கடலூர்