அம்மாவின் படங்களும் வீடியோவின் சட்டமும்

குலசேகரம்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு யாவரும் நலம். மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நின்று பத்து நாளாகிறது. அந்த ஓய்வில், உன் அம்மாவின் எண்பதாம் பிறந்தநாளுக்காகப் பழைய படங்களைக் கோத்து நீ அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். படங்களைத் தேர்ந்த விதம் கண்ணை நனைத்தது. ஆனால் அம்மாவின் முகம் படத்துக்குப் படம் வேறு வேறு அகலத்தில் தெரிவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வீடியோவின் சட்டம் (ஃபிரேம்) 1920-க்கு 1080 புள்ளிகள் (பிக்சல்), அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் 16:9 விகிதம். ஸ்டுடியோவில் போட்டு வாங்கிய ஆறுக்கு நாலு அங்குலப் படமோ 3:2. சட்டம் நிறையட்டும் என்று அதை இழுத்தால் அகலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடி முகம் வீங்கிவிடும். இழுக்காமல், அகலத்துக்குப் பொருத்தி மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் போகும்; தலைக்கு மேல் வெறும் சுவர் இருக்கும் குடும்பப் படங்களுக்கு அதுவே போதும்.

நெட்டுவாக்கில் எடுத்த படங்கள்தான் சிக்கல். விவேகானந்தர் பாறையில் அம்மா நிற்க, பின்னால் திருவள்ளுவர் சிலை முழுதாகத் தெரியும் படத்தை நீ இழுத்ததில் 133 அடிச் சிலை குட்டையாகிவிட்டது. வெட்டினாலும் பீடம் போய்விடும். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக 38 அடியில் எழுப்பிய பீடத்தை இழந்த வள்ளுவரைக் காட்ட எனக்கு மனம் வராது. ஆகவே உயரத்தை 1080-க்குப் பொருத்து. அகலம் 720 வரும், இருபுறமும் பக்கத்துக்கு 600 என மீதியாகும் புள்ளிகளை அடர்ந்த ஒரே நிறத்தால் நிரப்பிவிடு. அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் வைப்பவர்களும் உண்டு. அது கண்ணை அம்மாவிடமிருந்து இழுத்துவிடும் என்பது என் எண்ணம்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிரியம். அகலத்தை 1920 ஆக்கினால் உயரம் 2880 ஆகும்; அம்மாவின் முகத்தில் தொடங்கிச் சிலையின் தலைவரை மெல்ல மேலே நகர்த்தலாம். ஆனால் அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் ஸ்கேன் செய்தால் 1200-க்கு 1800 தான் கிடைக்கும். அதைப் பெரிதாக்கினால் தெளிவு போய்விடும். 600-இல் செய்தால் 2400-க்கு 3600, தாராளம். சுருக்குவதைக் கடைசியில் செய், மூலக் கோப்பை மட்டும் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் ஆல்பத்தோடு இங்கே வா. என் ஸ்கேனர் நன்றாகவே ஓடுகிறது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் பழைய நண்பன்