பாப்பாவுக்கு ஒரு புத்தகம்: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் ஒன்றரை வயதுக்குட்பட்ட தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை முதல் 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாரம் ஒரு புத்தகம் கொடுத்தனுப்புகிறோம். பாப்பாவுக்கு வாசித்துக் காட்டத்தான்.

பேச்சே வராத குழந்தைக்கு என்ன புரியும் என்று தோன்றலாம். வீட்டுப் பேச்சின் ஒலிகளைப் பிரித்தறியும் பழக்கம் முதல் பிறந்தநாளுக்குள்ளேயே காதில் படிந்துவிடுகிறது. கைபேசிப் பாட்டு இதற்கு ஈடாகாது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். படத்தை அந்தத் தூரத்தில் பிடியுங்கள். நான்கைந்து மாதத்தில் பாப்பா புத்தகத்தைப் பிடுங்கி வாயில் வைக்கும். அதைச் சேட்டை என்று அதட்டாதீர்கள், அந்த வயதில் எதையும் வாயால்தான் தெரிந்துகொள்ளும். ஒரு வயதை ஒட்டி, தடித்த பக்கங்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் புரட்டும். விட்டுவிடுங்கள். கதையை முடித்தே தீரவேண்டும் என்பதில்லை.

பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு: வகுப்பில் ஒப்பிக்கும் அதே ராகத்தில் வாசிப்பது. பாப்பா திரும்பிக்கூடப் பார்க்காது. ‘காகம் பறந்து செல்கிறது’ என்று அச்சில் இருந்தால், படத்தைத் தொட்டுக் காட்டி, “காக்கா பறக்குது பாரு!” என்று சொல்லட்டும். பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் ‘ஆ’, ‘ங்’ என்று பதில் வரும். வந்ததும் அதற்கு மறுமொழி சொல்லவேண்டும். எழுத்து தெரியாத அம்மாவும் ஆயாவும் இதை இன்னும் நன்றாகவே செய்வார்கள்.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரம் நல்லது. பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ தொடங்கினால் அழுகைதான். டிவியை அணைத்துவிடுங்கள், சத்தத்தை மட்டும் குறைத்தால் கண் அங்கேயே போகும். கழுத்து நிற்காத குழந்தையைப் பிள்ளைகளின் மடியில் தராதீர்கள். பாயில் கிடத்தி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அக்காவோ அண்ணனோ அருகில் படுத்து வாசிக்கட்டும்.

பள்ளிப் புத்தகத்தைப் பாப்பாவின் கையில் கொடுக்கவேண்டாம். தாள் மெல்லியது, நடுவில் பின் இருக்கும். கடிக்கத் தனியாக ஒன்று செய்துகொள்ளலாம். பழைய நோட்டு அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு துண்டு வெட்டி, முனைகளை வளைவாக்கி, வீட்டார் புகைப்படங்களை ஒட்டி, மேலே முழுவதும் அகல டேப் சுற்றுங்கள். துண்டுகளையும் டேப்பாலேயே இணையுங்கள், நூல் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டையும் கூடாது, ஜிகினா உதிரும். டேப் பிரிந்தாலோ அட்டை ஊறினாலோ தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

பள்ளிப் புத்தகம் அடுத்த வியாழக்கிழமை திரும்பி வரவேண்டும். நனைந்திருந்தால் நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். கிழிந்தால் அபராதம் கிடையாது. பிள்ளையை அடிக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்