இடிபாட்டுக்கு அடியில் இருக்கும் வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகழாய்வு என்றாலே பண்டைய நகரங்கள்தான் என்ற எண்ணம் மாற வேண்டும். லண்டன் ஷோர்டிட்ச் பூங்காவில் 2005, 2006ஆம் ஆண்டுகளில், இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அழிந்த தொடர்வீடுகளை லண்டன் அருங்காட்சியகம் அப்பகுதி மக்களையும் சேர்த்துக்கொண்டு அகழ்ந்தது.

இதில் முதல் கருவி மண்வெட்டி அல்ல, வரைபடம். அப்போதைய நகர ஆட்சிமன்றமான லண்டன் கவுண்டி கவுன்சில் போர்க்காலத்திலேயே ஒவ்வொரு கட்டடத்தின் சேதத்தையும் வண்ணமிட்டுக் குறித்தது: முற்றிலும் அழிந்தது கறுப்பு, சீர்செய்ய இயலாதது ஊதா, லேசான சேதம் மஞ்சள். இன்றைய பூங்காவின் படத்தோடு அதைப் பொருத்தினால் குழி வெட்டும் இடம் தெரியும்.

சிக்கல் இடிபாட்டில்தான். நிலத்தைச் சமப்படுத்தியபோது வேறு தெருச் செங்கல்லும் கலந்திருக்கலாம். மேலடுக்கில் கிடைக்கும் பொம்மையை அந்த வீட்டுக்குரியது என்று எழுதிவிடக் கூடாது. வீட்டின் தரையோடு ஒட்டிக் கிடப்பதையே ஓரளவு நம்பலாம். புதைந்த இரும்பைக் காந்தப்புல மாற்றத்தால் காட்டும் கருவியான காந்தமானியும், இரும்புத் துண்டுகள் மண்டிய மண்ணில் குழம்பும். ஆகவே வெடிக்காத குண்டுகளை அறிந்த நிபுணர் உடனிருப்பது கட்டாயம். ஐயம் வந்தால் தொடாமல் விலகிக் காவல்துறையை அழைக்க வேண்டும்.

முதியவர்களின் நினைவுகளை, பொருள்களைக் காட்டுமுன் ஒருமுறையும் குழியருகே மறுமுறையும் பதிவுசெய்யுங்கள். கண்ணெதிரே கிடக்கும் பொருள் நினைவையே மாற்றிவிடுவதுண்டு.

– ஒரு வாசகர்