பழைய அட்டையை எடுத்துவிட்டால், எடுத்துவிட்டோம் என்று சொல்லுங்கள்

லினக்ஸ் வழங்கல்களில் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். என்னிடம் வட்டுகளைக் கணினியோடு இணைக்கும் பழைய எஸ்ஏஎஸ் அட்டை ஒன்று இருக்கிறது. எல்எஸ்ஐ 2008 சிப், எட்டு போர்ட், நொடிக்கு 6 கிகாபிட். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு வேலை எதுவும் பார்க்காமல், வட்டுகளை அப்படியே இயங்குதளத்திடம் ஒப்படைக்கிற ஐடி மோடு ஃபர்ம்வேர் (அட்டைக்குள் இருக்கும் மென்பொருள்) போட்டது. சுழலும் வட்டுக்கு இந்த வேகமே அதிகம்.

உங்களில் ஒருவரின் புதிய வெளியீட்டை அந்த அட்டை உள்ள கணினியில் நிறுவப் போனேன். கணினி எழும்போது அட்டையின் சொந்தத் தொடக்க மென்பொருளான பயாஸ் எட்டு வட்டுகளையும் வரிசையாகக் காட்டியது. அடுத்த நிமிடமே நிறுவல் மென்பொருளான நிறுவி, ‘வட்டு எதுவும் இல்லை’ என்றது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஸ்லாட்டை மாற்றினேன். நல்லவேளை, ஃபர்ம்வேரில் கை வைக்கவில்லை. ஒரு மாலை முழுக்கப் போன பிறகுதான் கணினியில் செருகியுள்ள அட்டைகளைக் காட்டும் பிசிஐ பட்டியலை டிரைவர் விவரத்தோடு பார்க்கத் தோன்றியது. அட்டையின் பெயர் இருந்தது. அதன் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்று சொல்லும் வரி மட்டும் இல்லை.

இந்த அட்டையை இயக்கும் எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவர் உங்கள் கெர்னலுக்குள்தான் இருக்கிறது. எந்தெந்த அட்டையை ஏற்பது என்று அது வைத்திருக்கும் பட்டியலில் இருந்து 1000:0072 என்ற என் அட்டையின் அடையாள எண்ணை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் மூலக் கெர்னலில் அந்த எண் இன்னும் இருக்கிறது.

சரி, உங்கள் பக்கமும் புரிகிறது. சோதித்துப் பார்க்க முடியாத வன்பொருளுக்கு யாரும் ஆதரவு தர முடியாது. ஆதரவு நான் கேட்கவும் இல்லை. ‘இந்த அட்டையைத் தெரியும், இந்த வெளியீட்டில் நீக்கிவிட்டோம்’ என்று கெர்னல் பதிவில் ஒரு வரி, அதையே நிறுவியின் திரையிலும். அது இருந்திருந்தால் நான் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இப்போது தன்னார்வலர்கள் தொகுத்த டிரைவரை வைத்து ஓட்டுகிறேன். இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வும் அதே அட்டையின் வட்டில் இருப்பதால், கணினி எழும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குள் டிரைவர் போக வேண்டும். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகும் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் மறுதொடக்கம் செய்கிறேன். கையொப்பம் சரிபார்க்காத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பச் சாவியை வேறு பதிய வேண்டும். இதற்குப் பதில், ‘என் பொறுப்பில் ஓட்டு’ என்று பூட் வரியில் (தொடக்கத்தில் கெர்னலுக்குத் தரும் கட்டளை வரியில்) சொல்ல ஒரு தெரிவு கொடுங்கள். அப்புறம் வட்டு போனால் உங்களிடம் வர மாட்டேன்.

இப்படிக்கு,
எட்டு வட்டுக்காரன்