எஞ்சின்கள் என்ன செய்தன என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ரொக்கெட் பரிசோதனை பற்றி நம் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் 'வெற்றி' அல்லது 'வெடித்துச் சிதறியது' என்பதோடு முடிந்துவிடுகின்றன. உயர்தரத்தில் கணிதம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் அவற்றை ஆவலோடு வாசிக்கிறார்கள். எஞ்சின்களைப் பற்றி ஒரு பந்தியாவது சேர்த்து எழுதுங்கள்.

அந்த ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியில் 33 ராப்டர் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 100க்கு 99 தடவை ஒழுங்காக இயங்கும் என்று வைத்துக்கொண்டாலும், 33உம் ஒருசேரப் பிழையின்றி இயங்கும் நிகழ்தகவு சுமார் 72 வீதம்தான். அதனால்தான் ஓரிரண்டு நின்றாலும் சமாளிக்கும்படி வடிவமைக்கிறார்கள். 2024 ஜூன் பறப்பில் புறப்பட்ட சற்று நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றது. ஆனாலும் கீழ்ப்பகுதி திட்டமிட்டபடி கடலில் மெதுவாக இறங்கியது.

திரும்ப வரவேண்டிய ரொக்கெட்டுக்கு மேலே போவது பாதி வேலைதான். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள்: நடுக்கடலில் நிறுத்திய எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும், அதுதான் அவர்களுக்கு முக்கியம். 2023 நவம்பரில் ஏறும்போது 33 எஞ்சின்களும் குறையின்றி எரிந்தன. திரும்புவதற்காக மீண்டும் பற்றவைத்தபோது சில நின்றுபோய், கீழ்ப்பகுதி வெடித்தது. திரவ ஒட்சிசன் போகும் வழியில் வடிகட்டி அடைபட்டிருக்கலாம் என்று ஸ்பேஸ் எக்ஸ் சொன்னது. அடுத்த பறப்பிலும் அதே வடிகட்டித் தொல்லை. அப்புறம் 2024 ஒக்டோபரில் கீழ்ப்பகுதி திரும்பி வந்து ஏவுகோபுரத்தின் இயந்திரக் கைகளில் நின்றது! 2025 மேயில் ஏற்கெனவே பறந்த கீழ்ப்பகுதியையே மறுபடி ஏவினார்கள். 33 எஞ்சின்களில் 29 முன்பே பறந்தவை. அது இறங்கும்போது அழிந்ததும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகருக்கு நிலைமை விளங்கும்.

சோவியத்தின் என்1 என்ற சந்திர ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியில் 30 எஞ்சின்கள். 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவி நான்கும் தோல்வி. ஒருமுறை இயக்கினால் மறுபடி இயக்க முடியாத எஞ்சின்கள் என்பதால், ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை மட்டும் சோதித்துவிட்டு மற்றவற்றை நம்பிப் பொருத்தினார்கள். முழுக் கீழ்ப்பகுதியையும் தரையில் எரித்துப் பார்க்கவில்லை. பறந்து திரும்பிய எஞ்சினைக் கழற்றிப் பார்த்து மறுபடி எரிப்பதன் பெறுமதி இதை அறிந்தால் பிள்ளைகளுக்குப் புரியும்.

அடுத்த பறப்புச் செய்தியில் எத்தனை எஞ்சின்கள் பற்றின, திரும்பும்போது எத்தனை மறுபடி பற்றின, எத்தனை பழையவை என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். அதை வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.