வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாதே

அன்புள்ள செல்வம்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு முதலில் நன்றாகத் திட்டிவிட்டு, அப்புறம் மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாத்தியார் உன்னை விசாரித்தார். "இன்னும் அரை நூல் விட்டுத்தான் அறுக்கிறானா?" என்று கேட்டுச் சிரித்தார். அண்ணாச்சி கடையை மாடிக்கு மாற்றிவிட்டார். செய்தி இவ்வளவுதான்.

நீ அனுப்பிய கொட்டேஷனைப் படித்தேன். கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகையை வெட்டும் எட்டுக்கு நாலு அடி சி.என்.சி ரௌட்டர், பிட்டைச் சுற்றும் 9 கிலோவாட் மோட்டார் (ஸ்பிண்டில்), எட்டு டூல் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி, ஷீட்டை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்கம் பெட், விலை 18 லட்சம். கைரௌட்டரில் ஆரம்பித்த நீ இங்கே வந்து நிற்பதில் எனக்குச் சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு வருட வாரண்டிக்கு மேல் இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க வருடத்துக்கு 1,20,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி, ஆக மொத்தம் 2,83,200 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால்தான் இந்த ரேட் என்று கெடு வேறு. அந்தப் பணத்தைப் புரட்ட பலகை அறுக்கும் பழைய பேனல் ஸாவை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய் பார், அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

ஸாவை விற்காதே. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தும் போடாதே. கெடு வைப்பது விற்பவர் வழக்கம். மெஷின் உன் பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும்போது பதினோராவது மாதம் போய்க் கேட்டாலும் பெரும்பாலும் கொடுக்கத்தான் செய்வார்கள். இன்னும் தொடங்கவே தொடங்காத காலத்துக்கு இன்றைக்கே முழுப் பணம் கட்டி, அதற்கு ஒரு வருடம் வட்டியையும் நீ ஏன் சுமக்க வேண்டும்? "முதல் வருடம் முடிவதற்குள் இதே விலைக்கு நீட்டித்துக்கொள்ளலாம்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி எழுதி வாங்கு. அது போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி மெஷினில் எது எப்போது போகும் என்று யோசி. தயாரிப்பிலேயே இருக்கும் குறை, தளர்வான கனெக்ஷன், சரியாகப் பொருத்தாத சென்ஸார், மோசமான கேபிள் எல்லாம் முதல் சில மாதத்திலேயே தலைகாட்டிவிடும். அது அவர்கள் சும்மா தரும் வருடத்துக்குள் வந்துவிடுகிறது. தேய்மானத்தால் வருவது வருடங்கள் கழித்து வரும். நீ காசு கொடுத்து வாங்கப்போகும் இரண்டாவது, மூன்றாவது வருடம்தான் மெஷின் தன் தப்பால் படுப்பது குறைவான காலம். அந்தக் காலத்தில் மெஷின் நிற்பதெல்லாம் பெரும்பாலும் வேறு காரணத்தால். அந்தக் காரணங்கள்தான் உன் கொட்டேஷனில் பொடி எழுத்தில் "பொருந்தாது" என்ற தலைப்பில் வரிசையாக நிற்கின்றன.

ஸ்பிண்டிலையே எடுத்துக்கொள். நீ ராத்தூக்கம் கெட்டுப் பயப்படுவது அதற்குத்தான், நியாயமான பயம்தான். டூல் மாற்றும் ஸ்பிண்டில் ஒன்று போனால் செலவு லட்சத்தில் வரும். ஆனால் ஸ்பிண்டில் எப்படிச் சாகிறது? புது பிட் மாட்டிவிட்டு நீளம் அளக்காமல் ஜாப் ஓட்டினால் பிட்டைக் கவ்வும் கொலெட்டின் நட்டே ஷீட்டில் போய் இடிக்கும். வேக்கம் பிடிக்காத சின்னத் துண்டு கிளம்பி வந்து பிட்டில் மாட்டும். மழுங்கிய பிட்டை வைத்துக்கொண்டு பிளைவுட்டைத் தள்ளுவார்கள். கம்ப்ரஸர் டாங்கியில் தேங்கிய தண்ணீர் காற்றோடு ஸ்பிண்டிலுக்குள் போகும். அந்தக் காற்றுதான் டூலைப் பிடித்து விடும் சிலிண்டரையும் தள்ளுகிறது, தூசி உள்ளே போகாமல் முன்பக்க சீலையும் காக்கிறது. அதில் ஈரமோ எண்ணெயோ வந்தால் பேரிங் கிரீஸ் கெடும், சத்தம் மாறும், அப்புறம் மைக்கா ஓரத்தில் அலை அலையாக வெட்டு விழும். இதில் எதுவும் "தயாரிப்புக் குறை" கணக்கில் வராது. உன் காகிதத்தில் பேரிங் "தேயும் பாகம்", மோதல் "தவறான பயன்பாடு", மின்சார ஏற்ற இறக்கம் "வெளிக் காரணம்". மூன்றும் வெளியே. மிச்சம் என்ன இருக்கிறது என்று நீயே சொல்.

நியாயமாகப் பார்த்தால் மிச்சம் இருப்பது எலக்ட்ரானிக்ஸ்: மெஷினை நகர்த்தும் மோட்டார்களை இயக்கும் நாலு சர்வோ டிரைவ், ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி, கன்ட்ரோலர். இவை திடீரென்று சொல்லாமல் கொள்ளாமல் போகும், பாகத்தின் விலையும் அதிகம், நாமே கை வைக்கவும் முடியாது. அதனால் நீட்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு விலை கேள். லீனியர் கைடு, ரேக், பினியன், வேக்கம் பம்பின் கார்பன் வேன், பெல்ட், ஹோஸ் என்று எப்படியும் தரமாட்டார்கள் என்ற சாமான்களுக்கெல்லாம் சேர்த்து முழு மெஷின் பேரில் காசு கொடுக்காதே.

அந்தக் காகிதத்தில் இன்னும் சில இடங்களைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வாரண்டி இன்வாய்ஸ் தேதியிலிருந்து தொடங்குகிறது. உனக்கு இன்னும் கூடுதல் கரண்ட் லோடு சாங்ஷன் ஆகவில்லை. மெஷின் தார்ப்பாய்க்குள் இரண்டு மாதம் தூங்கினால் அந்த இரண்டு மாதமும் உன் கணக்கில் கழியும். "நிறுவி ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கிய தேதி" என்று மாற்றச் சொல். அடுத்தது, இன்ஜினியர் வர 48 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. வந்து பார்ப்பதற்குத்தான் அந்த 48 மணி, சரி செய்து தருவதற்கு அல்ல. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றால் வாரக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். எந்தெந்தப் பாகம் இங்கே கையிருப்பில் இருக்கிறது என்று எழுத்தில் கேள். போக்குவரத்து, தங்கும் செலவு, பாகத்தின் கொரியர் யார் தலையில் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர்கள் ஆளை வைத்துத்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், தவறினால் வாரண்டி ரத்து என்று இருக்கிறது. அந்த சர்வீஸ் கட்டணம் இந்த 2,83,200-ல் அடக்கமா, தனியா? எல்லாவற்றையும்விட முக்கியம், வாரண்டி கொடுப்பது யார்? தயாரித்த கம்பெனி இல்லை, டீலர். அவர் லெட்டர்ஹெட்டில் இருக்கிறது. நாளைக்கு அவர் வேறு பிராண்டுக்கு மாறிவிட்டால் உன் கையில் இருப்பது வெறும் காகிதம்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இறக்குமதி கன்ட்ரோலர்கள் சிலவற்றில் நாள் பூட்டு வைக்க முடியும். குறிப்பிட்ட தேதி தாண்டினால் அவர்கள் தரும் ரகசிய எண்ணைப் போட்டால்தான் ஓடும். கடைசித் தவணை கட்டிய அன்றே பூட்டை எடுத்துத் தர வேண்டும், பாஸ்வேர்டும் மெஷின் செட்டிங்குகளின் நகலும் (பாராமீட்டர் பேக்கப்) பென்டிரைவில் தர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுது. பாராமீட்டர் உன் கையில் இருந்தால் டிரைவ் மாற்றுகிற வேலையை வெளி ஆளை வைத்தும் முடிக்கலாம். இல்லாவிட்டால் அவர்கள் வரும் வரை காத்துக்கிடக்க வேண்டும்.

நீ பயப்படுகிற விஷயத்துக்கு வேறு மருந்து இருக்கிறது. மெஷினரி பிரேக்டவுன் இன்சூரன்ஸ். பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் பலவும் தருகின்றன. உன் பாங்க் கடனுக்கு எப்படியும் தீ பாலிசி எடுக்கச் சொல்வார்கள். சின்னப் பட்டறைகளுக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசிதான், ஒரே இடத்தில் 5 கோடி மதிப்பு வரைக்கும். அது தீ, வெள்ளம், இடி, மின்னல் பார்க்கும். மெஷின் உள்ளுக்குள் உடைவதைப் பார்க்காது. அதற்குத்தான் பிரேக்டவுன் பாலிசி தனியாக வேண்டும். ஆபரேட்டரின் கவனக்குறைவு, அனுபவக்குறைவு, ஷார்ட் சர்க்யூட் போன்றவற்றால் திடீரென்று நேரும் சேதம் பொதுவாக அதில் வரும். அதாவது, வாரண்டி எதைத் தள்ளுகிறதோ அதை இது பார்க்கிறது. தேய்மானத்தையும், சப்ளையர் வாரண்டியில் வரும் குறையையும் இது தள்ளும். பிட், பெல்ட் தராது. ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் ஒரு தொகையை நீதான் ஏற்க வேண்டும்.

அதில் ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துப் போடாதே. இன்றைக்குப் புது மெஷின் வாங்கி இறக்கி நிறுவ ஆகும் மொத்தத்தைத்தான் போட வேண்டும். 18 லட்சம் மெஷினை 12 லட்சம் என்று எழுதினால், 3 லட்சம் சேதத்துக்கு அதே விகிதத்தில் 2 லட்சம்தான் வரும், அதிலும் உன் பங்கு கழியும். பாலிசியின் வார்த்தைகளை ஏஜென்ட் வாயால் கேட்காதே, அச்சில் வாங்கிப் படி.

வாரண்டிப் பணத்தில் ஒரு பங்கை இதற்கு வை. மீதியை மெஷின் வருவதற்கு முன்பே செலவழிக்கச் சொல்கிறேன். மெஷினுக்கென்று தனி எர்த் குழி, இரண்டு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் 2-க்குள் வர வேண்டும், லோடு ஓடும்போது அளந்து பார். மூன்று பேஸ் சர்வோ ஸ்டெபிலைசர்: ஸ்பிண்டில் 9 கிலோவாட், உன் வேக்கம் பம்ப் 7.5, டஸ்ட் கலெக்டர் 5.5, கூட்டினாலே 22. மெஷினின் சர்வோ மோட்டார்களையும் பம்ப் எடுக்கும் ஸ்டார்டிங் கரண்டையும் சேர்த்தால் 40 கே.வி.ஏ-வுக்குக் கீழே யோசிக்காதே. போர்டில், திடீரென்று பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர். கம்ப்ரஸருக்கு ஏர் டிரையர், மெஷின் வாசலில் வடிகட்டி. டஸ்ட் ஹோஸுக்குள் ஓடும் கம்பியை எர்த்தில் சேர்க்க மறக்காதே, எம்.டி.எஃப் பலகைத் தூசி ஓடும்போது உருவாகும் ஸ்டாடிக் சென்ஸாரைக் குழப்பும்.

அலமாரியில் இருக்க வேண்டியவை: இரண்டு ஈ.ஆர் 32 கொலெட், ஒரு நட், ஒரு டூல் ஹோல்டர் புல் ஸ்டட்டோடு, டூல் பிடிக்கும் பிளாஸ்டிக் ஃபோர்க் இரண்டு, ப்ராக்ஸிமிட்டி சென்ஸார் ஒன்று, பினியன் ஒன்று, வேக்கம் பம்பின் வேன் ஒரு செட், போர்டு ஃபேன், சோலனாய்டு காயில். மெஷினை நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சாமான்தான். கொலெட் சுமார் 500 மணி நேரம் ஓடினால் மாற்றிவிடு, பார்க்க நன்றாக இருந்தாலும். காலையில் ஸ்பிண்டிலைப் பாதி வேகத்தில் இரண்டு நிமிடம், முக்கால் வேகத்தில் இரண்டு நிமிடம், முழு வேகத்தில் ஒரு நிமிடம் சும்மா சுற்றவிட்டுத்தான் முதல் ஷீட். உன் பெரியவன் அவசரக்குடுக்கை. இதை அவன் கண்ணில் படுகிற மாதிரி மெஷினிலேயே எழுதி ஒட்டு.

சும்மா கிடைக்கும் முதல் வருடத்தை முழுசாகப் பயன்படுத்து. நிறுவிய அன்றே 2400-க்கு 1200 மி.மீ செவ்வகம் ஒன்றை வெட்டி இரண்டு மூலைவிட்டத்தையும் அள. இரண்டும் 2,683 மி.மீ வர வேண்டும், முக்கியமாக ஒன்றுக்கொன்று சமமாக வர வேண்டும். ஷீட் வைத்த நிலையில் வேக்கம் கேஜ் எவ்வளவு காட்டுகிறது, ஸ்பிண்டில் வாயில் டயல் கேஜ் வைத்தால் முள் எவ்வளவு ஆடுகிறது, எல்லாம் தேதியோடு போட்டோ எடுத்து வை. எட்டு டூல் பாக்கெட்டையும் முதல் மாதத்திலேயே பயன்படுத்து. சின்னக் கோளாறைக்கூட போனில் சொல்லி விடாதே, மெயிலில் போடு. பதினோராவது மாதம் அதே அளவுகளை மறுபடி எடு, டிரைவில் பதிவான அலாரம் வரிசையையும் பார். மாறியிருந்தால் அப்போதே கேட்டு வாங்கு. நீட்டிப்பு வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டிய நாள் அதுதான். ஒரு வருடத்தில் மெஷினும் அந்த டீலரின் சர்வீஸும் எப்படி என்று அதற்குள் தெரிந்துவிடும்.

கோர்ட்டை நம்பி இருக்காதே. 2019 நுகர்வோர் சட்டம் வியாபாரத்துக்கு வாங்குபவரை நுகர்வோராகப் பார்ப்பதில்லை, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்குத்தான் விலக்கு. உன்னிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். எனவே எழுதி வாங்குவது மட்டும்தான் நிற்கும்.

ஸா விஷயம். தங்கச்சி நகை ஏற்கெனவே பாங்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீ சொல்லவில்லை என்றாலும். தை மாதக் கிரகப்பிரவேச ஆர்டர் நடுவில் சி.என்.சி பத்து நாள் நின்றால் எந்த வாரண்டியும் அந்தப் பத்து நாளுக்குக் காசு தராது. உன் காகிதத்திலேயே "வேலை இழப்புக்குப் பொறுப்பில்லை" என்று இருக்கிறது. ஸா இருந்தால் கிச்சன் பாக்ஸ் எல்லாவற்றையும் அதில் அறுத்து, துளையை ஜிக் வைத்துப் போட்டு, சொன்ன தேதிக்கு இறக்கிவிடலாம். கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். விற்றால் உனக்கு என்ன கிடைக்கும்? அந்தக் காசுக்கு அப்படி ஒரு மாற்று மறுபடி கிடைக்காது. பணம் குறைந்தால் எட்டு டூலை நாலாகக் குறைத்துக் கேள், ஸாவில் கை வைக்காதே.

ஜி.எஸ்.டி-யில் நீ இன்னும் காம்பொசிஷனில்தானே (விற்பனையில் சின்ன சதவீதம் மட்டும் கட்டும் திட்டம்) இருக்கிறாய்? அப்படியானால் மெஷினுக்குக் கட்டும் வரியும் திரும்ப வராது. ரெகுலருக்கு மாறுவது லாபமா என்று ஆர்டர் போடும் முன் ஆடிட்டரிடம் கேள், 18 லட்சத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

டீலரிடம் கேட்க வேண்டியதை வரிசையாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அப்படியே அனுப்பு, பதிலை மெயிலில்தான் வாங்கு. வியாழக்கிழமை ராத்திரி கூப்பிடுகிறேன். அதற்குள் போர்டில் மூன்று பேஸ் வோல்டேஜையும் காலை, மதியம், ராத்திரி அளந்து குறித்து வை, நியூட்ரல்-எர்த் வோல்ட்டையும் சேர்த்து.

அன்புடன்,
ரவி