உங்கள் சொல்லைத் தேடி எடுக்க வழி செய்யுங்கள்: கட்சிகளின் ஊடகப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தமிழ் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சிகளின் பொதுச் செயலாளர்களுக்கும் ஊடகப் பிரிவினருக்கும் வணக்கம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இதை எழுதுகிறேன். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய வாரங்களில், கைபேசியைத் திறந்தால் உங்கள் வேட்பாளர்களின் முகங்கள்தான். நேரலை, குறுங்காணொளி, வட்ஸ்அப்பில் குரல்பதிவு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2022இல் அரசுக்கு எதிராகக் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்கள் எந்தக் கட்சி அலுவலகத்தையும்விட விரைவாக நாட்டோடு பேசினார்கள். அதைப் பார்த்த பிறகாவது நீங்கள் விழித்துக்கொண்டது நல்லதே. ஆனால் இத்தனைக்குப் பிறகும், சொன்னதை எழுத்தில் வைத்து அதற்குப் பொறுப்பாக நிற்கும் பழக்கம் உங்களிடம் வரவில்லை.

உங்கள் ஊடக அறிக்கைகளையே பாருங்கள். கடிதத்தலைப்பில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, அதைக் கைபேசியால் படம்பிடித்து முகநூலில் போடுகிறீர்கள். தாளின் ஓரம் மடிந்திருக்கும். கீழ்ப்பாதியில் படம் எடுத்தவரின் நிழல் விழுந்திருக்கும். கண்பார்வை அற்றவரின் திரைவாசிப்பான் அந்தப் படத்தின் முன் ஊமையாகிறது. தேடுபொறியில் உங்கள் கட்சியின் பெயரையும் விடயத்தையும் தட்டினால் அது அகப்படாது. பிடிஎஃப் ஆகத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதில் பாதி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. ஒரு பந்தியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் கிடைக்கும். எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யுனிகோட் குறிமுறை வந்து எத்தனை காலம்! உங்கள் அலுவலகத்தில் தட்டச்சுச் செய்பவருக்கு ஒரு பிற்பகல் பயிற்சி கொடுத்தால் தீர்ந்துவிடும் காரியம் இது.

முகநூலில் இருக்கிறதே, போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கண்டிக்கு அருகே திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது 2018 மார்ச்சில் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு 2019 ஏப்ரலில் மீண்டும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு தடவை. வதந்தி மிக மலிவாகவும் ஒரு கட்சியின் நிதானமான சொல் மிக அவசியமாகவும் இருந்த நாட்கள் அவை. உங்களுக்கென்று ஓர் இணையத்தளமோ வலைப்பதிவோ இருந்திருந்தால், பஸ்ஸில் போக அஞ்சி வீட்டுக்குள் இருந்த மக்களுக்கு ஒரு வார்த்தை வந்து சேர்ந்திருக்கும். வலைப்பதிவு பழைய காலத்துப் பொருள் என்று உங்கள் இளைஞரணியினர் நினைக்கக்கூடும். திகதியோடும் நிலையான முகவரியோடும் ஒரு பதிவு இருந்தால், ஐந்து வருடம் கழித்தும் அதை எடுத்துக் காட்டலாம். குறுங்காணொளி மறுநாளே எங்கோ அடியில் போய்விடுகிறது.

இந்தக் குறையின் வேர் தேர்தல் முறையிலும் இருக்கிறது என்பதை அறிவேன். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்துவிட்டு மூன்று விருப்பு வாக்குகள் வரை அளிக்கலாம். ஒரே பட்டியலில் நிற்பவர்களே தமக்குள் மோதுகிறார்கள். ஆளுக்கொரு முகநூல் பக்கம் தொடங்கித் தத்தம் விருப்பு வாக்கு இலக்கத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். தோற்றவரின் பக்கம் முடிவு வந்த அன்றோடு நின்றுவிடுகிறது. வென்றவரின் பக்கத்தில் திறப்புவிழாப் படங்கள் வரிசையாக வருகின்றன. மழைக்கு வடிகான் நிரம்புகிறது என்று மட்டக்குளியிலிருந்து ஒருவர் அதன் கீழ் எழுதினால் பதில் இல்லை; சில நேரம் அந்தக் கருத்தே காணாமல் போகிறது. ஆகவே பக்கங்கள் கட்சியின் பெயரில் இருக்கட்டும். வேட்பாளர் மாறினாலும் கேள்வியும் பதிலும் அங்கேயே கிடக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் முழு அறிக்கை, தமிழில் ஒரு வாழ்த்துப்படம் என்பது எங்களைக் காயப்படுத்துகிறது. 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் ஆட்சிமொழி. உங்கள் உறுப்பினர்கள் தமிழில் ஆற்றும் உரைகள் பாராளுமன்ற உரைப்பதிவான ஹன்சார்ட்டில் தமிழிலேயே அச்சாகின்றன. அவற்றை எடுத்து உங்கள் தளத்தில் இடுவதற்கு மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஒரு விடயம் தருகிறேன். மேல் மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச்சில். 2019 ஏப்ரலில் அதன் பதவிக்காலம் முடிந்தது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினீர்கள். புதிய முறைக்காகத் தொகுதிகளைப் பிரிக்கும் எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்திலேயே தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் தேர்தல் முடங்கியது. அன்று அந்தத் திருத்தத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். ஏன் அப்படி வாக்களித்தீர்கள், இன்று உங்கள் நிலைப்பாடு என்ன என்பதைத் தமிழில், எழுத்தில், பொறுப்பானவரின் பெயரோடும் திகதியோடும் உங்கள் தளத்தின் முதல் பதிவாக இடுங்கள். கீழே கருத்துப் பகுதியைத் திறந்து வையுங்கள். நானும் என் போன்றவர்களும் வாசித்துவிட்டுக் கேள்வி கேட்போம்.

இப்படிக்கு,
கொழும்பு 13இலிருந்து ஒரு வாக்காளர்